கல்யாணம் நடந்தது புதன்கிழமைதான், சம்பந்தி

பிரிஸ்கோ, டெக்சஸ்
ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை

தெனாலி, ஓய்வுபெற்ற தாசில்தார் ஸ்ரீ வேமூரி ராமகோடேஸ்வர ராவ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் சம்பந்தியும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியனுமான இவட்டூரி சூரியநாராயண மூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் ஐந்து பேரும் உடலால் சௌக்கியம். ‘உடலால்’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். அங்கே தாங்களும், சகோதரி சீதாமகாலட்சுமி அவர்களும், தங்களுடைய இடது முழங்காலும் நலமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உகாதிக்கு நீங்கள் அனுப்பிய மாவடு ஊறுகாய் வந்து சேர்ந்தது. ஜாடி உடையவில்லை. இங்கே உடையாமல் இருப்பது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கள் தம்பி மகன் ஒரு படம் போட்டு, “இது நம்ம மாஸ்டர்காருதானே?” என்று கேட்டிருந்தான். அதன்கீழே இருபத்து மூன்று பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். எதற்காகக் கைகூப்பினார்கள் என்று தெரியவில்லை. நான் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. நீங்கள் மட்டும் எதுவும் போடவில்லை. அந்த மௌனம் என்னை மூன்று நாள் சாப்பிட விடவில்லை. சம்பந்தி, அந்தப் படத்தில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு, ‘நில்’ என்று எழுதிய சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்து, நடுத்தெருவில் நிற்கிற கிழவன் நான்தான். ஏன் நிற்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் உங்கள் வீட்டில் போன் வந்தால் அதை ஸ்பீக்கரில் போட்டு ஊஞ்சல் பலகையில் வைத்துவிடுகிறீர்கள். பால்காரர் வரைக்கும் பதில் சொல்கிறார். எங்கள் தெருவில் இருக்கும் சகுந்தலம்மா வியாழக்கிழமை விஜயவாடாவுக்குத் திரும்புகிறார். அவர் பெட்டியில் பாதாம் பொட்டலத்துக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவில் இந்தக் கடிதம் வருகிறது. தனியாக உட்கார்ந்து படிக்கவும். முடிந்தால் மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு.

சைதன்யாவுக்கு வேலை போய்விட்டது. இன்றோடு நாற்பத்தோரு நாள் ஆகிறது.

ஞாயிறுதோறும் “மாப்பிள்ளை எங்கே?” என்று நீங்கள் கேட்பதும், “மீட்டிங்கில் இருக்கிறான்” என்று நான் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஆறு வாரமாக ஒரு மனிதன் மீட்டிங்கிலேயே இருந்தால் சந்தேகம் வரவேண்டும். நீங்கள் அரசு அலுவலகத்தில் இருந்தவர் என்பதால் வராமல் போயிருக்கும். பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளிடம் “தப்பு செஞ்சா ஒத்துக்கோ, மார்க் குறைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, ஒத்துக்கொண்டவனுக்கு மார்க்கைக் குறைத்தவன் நான். அந்தப் பாவம் சும்மா விடுமா?

அது நடந்தது மாதத்தின் முதல் புதன்கிழமை. ஒவ்வொரு முதல் புதனும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இங்கே புயல் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். வெறும் சோதனைதான். எட்டு வருஷமாகக் கேட்டும் என் மனைவி ராஜ்யலட்சுமிக்கு அது பழகவில்லை. வெங்கடேசுவரர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குளியலறைக்குள் போய்விடுவாள். அன்றும் போனாள். ஊர் முழுக்கச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது சைதன்யா அறையை விட்டு வெளியே வந்து, “அப்பா, லேப்டாப் என்னை உள்ள விட மாட்டேங்குது” என்றான். கரண்ட் போயிருக்கும் என்றேன். “கரண்ட் இருக்குப்பா. நான்தான் இல்ல” என்றான். குளியலறைக்குள்ளிருந்து ராஜ்யம், “நின்னுடுச்சா?” என்று கேட்டாள். சங்கைத்தான் கேட்டாள்.

இங்குள்ள விதியை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். பரீட்சை அறையில் மணி அடித்தால் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்புவோம். இங்கே வேலை போன நாளிலிருந்து அறுபது நாள். அதற்குள் வேறொரு கம்பெனி இவனுக்காக மனு போடவேண்டும். இல்லையென்றால் அறையை விட்டு அல்ல, நாட்டை விட்டே வெளியே போகவேண்டும். இதில் எங்கள் வீட்டு நிலைமையைப் பாருங்கள். ஆறு வயதுப் பேத்தி மன்வி இங்கே பிறந்தவள், அவள் இருக்கலாம். என் பெரிய பெண் நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கி எங்களுக்குப் பச்சை அட்டை எடுத்துக் கொடுத்ததால், அறுபத்தொன்பது வயது நானும் ராஜ்யமும் இருக்கலாம். உங்கள் பெண் ஹாரிகா தன் சொந்த வேலை விசாவில் இருக்கிறாள், அவளும் இருக்கலாம். பதினோரு வருஷமாக இங்கே வரி கட்டி, இந்த வீட்டையும் வாங்கியவன் மட்டும் இருக்க முடியாது. பச்சை அட்டை வரிசையில் அவனும்தான் நிற்கிறான். வக்கீல் கணக்குப்படி அவன் முறை வரும்போது அவனுக்கு என் வயது ஆகியிருக்கும்.

பிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை ஒட்டியிருக்கிறோம். பால், தயிர், கறிவேப்பிலை என்று எழுதுவதற்கு. சைதன்யா அதன் மூலையில் 60 என்று எழுதினான். மறுநாள் 59. மூன்றாம் நாள் அவன் எழுத மறந்தபோது மன்வி நாற்காலி போட்டு ஏறி அழித்து 58 என்று எழுதிவிட்டாள். அதிலிருந்து அது அவளுடைய வேலை. கழித்தல் நன்றாக வருகிறது. “தாத்தா, ஜீரோ வந்தா நமக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து பள்ளியில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய டீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “பெரிய பயணம் போறீங்களாமே, நாள் எண்ணுறீங்களாமே, எங்கே?” என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார். நானும் சிரிக்கிறேன்.

முதல் பத்து நாள் சைதன்யா வேலைக்கு விண்ணப்பம் போட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்து பேர் பேசினார்கள். விசா என்ற சொல் வந்ததும் ஐந்து பேரும் வேறு அழைப்பு வந்ததுபோல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் மாற்றுத் தொழில் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் வீடு விற்கும் தரகராகச் சொன்னார். இன்னொருவர் வாடகைக் கார் ஓட்டச் சொன்னார். மூன்றாமவர், “சொந்தமாக் கம்பெனி ஆரம்பிச்சு நாலு பேருக்கு வேலை குடுடா” என்றார். வக்கீல் அம்மாள் மிஸஸ் ஓல்சன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி முடித்து, எதுவும் கூடாது என்றார். இவன் விசாவில் ஒரே கம்பெனிக்கு ஒரே வேலை மட்டும்தான். மன்வியோடு வாசலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு விற்றால்கூடக் குற்றமாகிவிடுமோ என்று பயம்.

இந்தப் பயம் எதுவரை போயிற்று என்பதற்கு ஓர் உதாரணம். பக்கத்து வீட்டு வால்ட்டர், தொண்டு கிழவர், தன் பிரிண்டர் ஓடவில்லை என்று வந்து நின்றார். சைதன்யா போய் அரைமணியில் ஓட வைத்துவிட்டான். சாயங்காலம் வால்ட்டர் பீக்கன் பை என்று, கொட்டைப் பருப்பு வைத்துச் சுட்ட ஒரு பெரிய இனிப்புப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் அதை மேசைமேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் தொடவில்லை. இது அன்பளிப்பா, கூலியா? கூலி என்றால் இவன் அனுமதி இல்லாமல் வேலை செய்தவன் ஆகிறான். நான்தான் பெரியவன் என்று அதை எடுத்துக்கொண்டு போய், “ஐயா, சட்டப்படி இதை நாங்க வாங்கிக்கக் கூடாது” என்று திருப்பிக் கொடுத்தேன். தன் மனைவியின் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்கிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். மறுநாள் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றுக்கே ஜெயில் என்றால் இரண்டுக்கு என்ன என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். ஹாரிகாதான் போய் வாங்கி, “ரொம்ப நன்றி, என் மாமனாருக்குச் சர்க்கரை, அதான்” என்று சொல்லி அனுப்பினாள். எனக்குச் சர்க்கரை கிடையாது. அன்றிலிருந்து வால்ட்டர் வீட்டு வாசலில் என்னால் எதையும் மெல்ல முடிவதில்லை.

உகாதி அன்று கோயிலுக்குப் போனோம். பஞ்சாங்கம் படித்தார்கள். சைதன்யாவின் ராசிக்கு ராஜபூஜ்யம் என்கிற மரியாதை ஒன்று, அவமானம் ஏழு. ராஜ்யம் என் கையைக் கிள்ளினாள். ஆனால் அங்கேயே ஒரு வெளிச்சமும் தெரிந்தது. கோயிலுக்கு உதவி அர்ச்சகர் தேவை என்றும், சமயப் பணிக்குத் தனி விசா உண்டு என்றும் யாரோ சொன்னார்கள். நம் பையன் குடும்பத்தில் மூன்று தலைமுறை வேதம் சொன்னவர்கள்தானே என்று பெரிய அர்ச்சகரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாக, “சந்தியாவந்தனம் சொல்லுங்க பார்ப்போம்” என்றார். இவன் ஆசமனம் வரை நன்றாகத்தான் சொன்னான். பிறகு மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அர்ச்சகர் சிரித்தார்: “தம்பி, உங்க வேலைய மெஷின் பார்த்துக்கும்னு உங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் வேலைக்கு நீங்க மெஷினோட வந்து நிக்கிறீங்க.” தவிர, அந்த விசாவுக்கு இரண்டு வருஷம் ஏற்கெனவே தொண்டு செய்திருக்க வேண்டுமாம். பிரசாத வரிசையில் நின்றதைத் தவிர இவனுக்கு வேறு அனுபவம் இல்லை.

மறுபடி மாணவனாகிவிடு என்றார்கள். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கல்லூரி. போய்ப் பார்த்தோம். வகுப்பில் பெஞ்சும் இல்லை, கரும்பலகையும் இல்லை. கீழே கடையில் இருந்த சௌகரியம் மேலே இல்லை. இவனிடம் ஏற்கெனவே இரண்டு முதுகலைப் பட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவதும் வாங்கினால் பரமபத சோபான படத்தில் பாம்பு விழுங்கிய கதைதான், மறுபடி முதல் கட்டம். ஆசிரியனாக இருந்தும் படிக்காதே என்று ஒரு பிள்ளையை வாழ்நாளில் முதல் தடவையாகத் தடுத்தேன்.

கடைசியில் ஒருவர், சுற்றுலாப் பயணியாக மாறிக்கொள்ள மனு போடலாம், ஆறு மாதம் கிடைக்கும் என்றார். அதற்கு இங்கே என்னென்ன பார்க்கப் போகிறோம் என்று எழுதித் தரவேண்டும். பதினோரு வருஷம் குடியிருந்தவன் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, தான் சுற்றிப் பார்க்க வந்தவன் என்று எழுத வேண்டும். எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டேன். நாற்பது மைல் தூரத்தில் நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிப் போவார்கள், அதைக்கூட இவன் பார்த்ததில்லை. ஆபீசுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டான். “மன்வி ரெண்டாங் கிளாஸ் போறதைப் பார்க்கணும்னு எழுதலாமாப்பா?” என்று கேட்டான். நான் கொல்லைப்புறம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையிலேயே ஊற்றிய செடிதான்.

இந்த நிலையில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த வீட்டில் சட்டப்படி எந்த வேலையும் செய்யத் தகுதியுள்ள ஒரே ஆண் கை என் கை. அந்தக் கையில் மூட்டுவலி. இருந்தாலும் மன்வியின் பள்ளி வாசலில் பிள்ளைகளைத் தெரு தாண்ட வைக்க ஆள் தேவை என்று பலகை தொங்கியது. போய் விண்ணப்பித்தேன். அங்கிருந்த பெண்மணி, பிள்ளைகளைக் கட்டுப்படுத்திய அனுபவம் உண்டா என்றார். முப்பத்தெட்டு வருஷம் என்றேன். வண்டிகளை? நூஜிவீட்டில் மாம்பழக் காலத்தில் பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரிகளையும் காளைகளையும் விரட்டியதைச் சொன்னேன். உடனே மேலங்கியைக் கொடுத்துவிட்டார். காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் ஒரு மணி நேரம். இதனால் சைதன்யாவின் விசாவுக்கு எள்ளளவும் பிரயோசனமில்லை என்று எனக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பலகையில் எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் பலகையைத் தூக்கினால் எட்டுச் சக்கர லாரிகூட நிற்கிறது. நாள் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. முதல் வாரமே உங்கள் தம்பி மகனின் நண்பர் யாரோ காருக்குள்ளிருந்து படம் எடுத்துவிட்டார். அவரும் நின்றுதான் எடுத்திருக்கிறார் என்பதைக் கவனிக்கவும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை நான் சுற்றிச் சுற்றி எழுதியதும் பயத்தினால்தான்.

போன வியாழக்கிழமை கோங்குரா பப்பு பரிமாறிக்கொண்டே ஹாரிகா, “நான்தான் வேலைல இருக்கேனே. என்னோட விசால அவரைச் சேர்த்துட்டா அவர் இங்கயே இருக்கலாம். வேலைதான் செய்யக் கூடாது. வேலை கிடைச்சதும் மாத்திக்கலாம்” என்றாள். எல்லோரும் கையை எச்சிலோடு வைத்துக்கொண்டு அவளையே பார்த்தோம். இத்தனை நாள் ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். “நாலு தடவை சொன்னேன், மாமய்யா. மொதல் தடவை நீங்க அந்தப் பீக்கன் பையைத் திருப்பிக் குடுக்கப் போயிட்டீங்க. ரெண்டாவது தடவை கோயிலுக்குக் கிளம்பிட்டிருந்தீங்க. அப்புறம் மெத்தைக் கடை. அப்புறம் சுற்றுலா.” அவள் சொன்னது உண்மை. நாங்கள் கேட்டோம், ஆனால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மனைவியைச் சார்ந்து வாழ்பவன் என்று ஒரு படிவத்தில் ஆண்பிள்ளை கையெழுத்துப் போடுவதா என்பது எங்களுக்கே தெரியாமல் எங்கள் காதை அடைத்திருக்கிறது. சைதன்யா தட்டைப் பார்த்தபடி, “நீ என்னை வச்சுப்பியா?” என்று கேட்டான். “சமையல் சுமார். ஆனா பாத்திரம் நல்லாத் தேய்க்கிறீங்க. வச்சுக்கறேன்” என்றாள். நிச்சயதார்த்தத்தில் உங்கள் முன்னால், “உங்கள் பெண்ணை என் மகன் கண்ணுக்குள் வைத்துக் காப்பான்” என்று நான் பேசியது ஞாபகம் வந்தது. சம்பந்தி, இப்போது என் மகனைத் தங்கள் மகள் காக்க வேண்டும். சம்மதம் கேட்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். அன்று நீங்கள் வெற்றிலைத் தட்டோடு நின்ற இடம் அது. அங்கே நிற்பது எவ்வளவு வெயில் என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று மிஸஸ் ஓல்சனிடம் போனோம். சுலபமான மனு, கல்யாணச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார். எடுத்துக் கொடுத்தோம். அவர் அதைப் பார்த்தார். பிறகு இவர்களுடைய பழைய விசாப் படிவங்களையெல்லாம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சான்றிதழில் பிப்ரவரி 24. ஹாரிகாவின் படிவங்களில் எல்லாம் 24. சைதன்யாவின் படிவங்களில் எல்லாம் 25. இருவரும் அவரவர் வேலையால் தனித்தனியே விசா வாங்கியதால் ஒன்பது வருஷமாக யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் சிரிக்காமல் கேட்டார்: “நீங்க ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குத்தான் போனீங்களா?”

உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் நான் பிழைத்தேன். தாங்கள் குறித்த முகூர்த்தம் புதன்கிழமை இரவு 2.47. பத்திரிகையில் ‘விடிந்தால் வியாழக்கிழமை’ என்று கீழே போட்டிருந்தீர்கள். நம் வழக்கப்படி சூரியன் உதிக்கும்வரை அது புதன்தான். நான் கணக்கு வாத்தியார். நடுநிசிக்கு மேல் மறுநாள் என்று பிடிவாதமாக என் பள்ளி ஆசிரியர்கள் பதினைந்து பேருக்கும் வியாழன் இரவு என்று சொல்லிவைத்தேன். அவர்கள் தலைமையாசிரியரோடு ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது உங்கள் ஆட்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். “கணக்கு வாத்தியாருக்கு நாள் எண்ணத் தெரியலயே” என்று அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்பது வருஷம் நான் உங்களிடம் சௌக்கியமா என்பதற்கு மேல் நானாக எதுவும் பேசவில்லை. என் பிள்ளையும் என்னைப்போலவே நடுநிசியைத் தாண்டினால் மறுநாள் என்று 25 எழுதினான். உங்கள் பெண் உங்களைப்போலவே பத்திரிகையைப் பார்த்து 24 எழுதினாள். நம் இருவரின் பிடிவாதமும் அமெரிக்க அரசின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஓர் அதிகாரி பார்த்தால், இது பொய்க் கல்யாணம், தேதிகூட ஒத்துப் பேசிக்கொள்ளவில்லை என்பாராம். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து வாசலில் தபால் வண்டி நின்றால்கூட நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுகிறேன்.

ஊர் வழக்கம் தெரிந்த பெரியவர் ஒருவர் பிரமாணப் பத்திரம் எழுதித் தந்தால் சமாளிக்கலாம் என்றார் மிஸஸ் ஓல்சன். நானே தருகிறேனே என்றேன். “நீங்க எந்தத் தேதி சொல்வீங்க?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். ஹாரிகா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். கல்யாணத்தை நடத்தியவரும், பதிவு அலுவலகத்தில் தேதி கொடுத்தவரும் தாங்கள்தான். ஆகவே தாங்களே தரவேண்டும். முத்திரைத்தாளில், நோட்டரி முன்னிலையில், ஆங்கிலத்தில். ஒரே திருமணம்தான் நடந்தது என்றும், கடிகாரப்படி 25 அதிகாலை 2.47, நம் வழக்கப்படி 24 இரவு என்றும், இதற்காகவே இரண்டு தேதிகள் வந்தன என்றும் எழுதவேண்டும். நோட்டரி முத்திரையோடு படம் எடுத்து ஹாரிகாவின் போனுக்கு மட்டும் அனுப்பவும். குழுவில் போட்டுவிட வேண்டாம். பலகையில் இன்று 19. சகுந்தலம்மா வந்து சேரும்போது 16 ஆகியிருக்கும்.

இதற்காக நீங்கள் என்னை என்ன சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். கல்யாணம் நடந்தது புதன்கிழமைதான், சம்பந்தி. அந்தப் பதினைந்து பேரையும் தப்பாக வரச் சொன்னவன் நான்தான். இன்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை நாள் எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. இப்போது நன்றாகவே எண்ணுகிறேன். நீங்கள் வந்து பரீட்சை வைக்கலாம்.

சகோதரிக்கு ராஜ்யத்தின் நமஸ்காரம். வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. தங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒரு தைலம் வருகிறது, இரண்டு வேளை தடவவும். ஸ்ரீ வெங்கடேசுவரர் இரு வீட்டையும், முடிந்தால் ஒரே நாட்டில் வைத்து, காப்பாராக.

என்றும் தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
சூரியநாராயண மூர்த்தி

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டப் போனபோது நிறுத்திவிட்டு எழுதுகிறேன். இன்று காலை பதினோரு மணிக்கு சைதன்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அர்க்கன்சாவில் ஒரு கோழிக் கம்பெனி. கோழிகளைக் கணக்கெடுக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வெங்காயத்தைக்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற வீட்டுப் பிள்ளை, நாளொன்றுக்கு லட்சம் கோழிக்குப் பதில் சொல்லப் போகிறான். அவன் விசா மனுவை அவர்களே இந்த வாரம் போடுவதாக வாயால் சொல்லியிருக்கிறார்கள். காகிதம் இன்னும் வரவில்லை. ராஜ்யம் கேசரி கிளறினாள். மத்தியானம் ஒன்றரைக்கு ஹாரிகா ஆபீசிலிருந்து சீக்கிரமாக வந்தாள். கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு துளசிச் செடியும், மன்வி வரைந்த படமும், காபிக் கோப்பையும் இருந்தன. அவள் கம்பெனியில் அறுநூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கேசரியைக் கையில் கொடுத்தோம். என்ன செய்தி என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். பிறகு சைதன்யாவைப் பார்த்து, “இப்ப நீங்க என்னை வச்சுப்பீங்களா?” என்றாள். “பாத்திரம் தேய்ப்பியா?” என்று கேட்டுவிட்டு அவன்தான் அழுதான்.

ஆகவே மேலே ‘என் மகன்’ என்று வரும் இடத்தில் ‘தங்கள் மகள்’ என்றும், ‘தங்கள் மகள்’ என்று வரும் இடத்தில் ‘என் மகன்’ என்றும் மாற்றிப் படிக்கவும். இப்போது அவள் இவன் விசாவில் சேரவேண்டும். பிரமாணப் பத்திரம் அப்படியே வேண்டும், அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மறுபடி நாம் பிள்ளை வீட்டார் ஆகிவிட்டோம், அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள் என்கிறாள் ராஜ்யம். கிழிக்கவில்லை. கோழிக் கம்பெனி மாதாமாதம் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கம் எனக்கே மறுபடி தேவைப்படலாம்.

மன்வி நாற்காலி போட்டு ஏறிப் பலகையில் அப்பாவுக்கு 18, அம்மாவுக்கு 60 என்று இரண்டாக எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டுத் திரும்பி, “அம்மா ஜெயிச்சுட்டா, தாத்தா” என்றாள். கணக்கு சரிதான் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். முத்திரைத்தாளை இன்றே வாங்கிவிடுங்கள், சம்பந்தி.